விங்கரை லெஃப்ட் பேக்கில் ஆடச் சொன்னால்

தம்பி, 19 வயதில் கால்பந்து அணியில் விங்கராக (ஓரமாக ஏறித் தாக்குகிறவராக) ஒப்பந்தம் போட்ட உங்களைக் கோச் திடீரென்று லெஃப்ட் பேக்கில் (இடது ஓரத் தடுப்பாட்ட இடத்தில்) இறக்குகிறார், இதோடு கேரியர் முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, தைரியமாக ஆடுங்கள். 2019-20 சீசனில் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலின் டிஃபெண்டர்கள் காயம்பட்டு வெளியே இருந்தபோது 18 வயது புகாயோ சாகா பல மேட்ச்களில் அந்த இடத்தில்தான் ஆடினார், அப்புறம் வலது விங்குக்கு மாறி இங்கிலாந்து அணிவரைக்கும் போனார். பின்னாளில் விங்கராகப் பெயர் வாங்கிய கேரத் பேல் சவுத்தாம்ப்டன் கிளப்பில் தொடங்கியதே லெஃப்ட் பேக்காகத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் கவனம். எதிர்ப்பக்க ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் (குறுக்காக அடிக்கும் பந்து) வரும்போது விங்கர்கள் பந்தையே பார்த்து நின்றுவிடுவார்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து தலையால் முட்டி கோல் போட்டுவிடுவான். தோளுக்குப் பின்னால் அடிக்கடி பாருங்கள், பந்தும் ஆளும் கண்ணில் படுகிற மாதிரி பாதி திரும்பி நில்லுங்கள். இந்த மாற்றம் தற்காலிகமா, நிரந்தரமா என்று கோச்சிடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.