டிஷ்ஷைத் திருப்பியும் சிக்னல் வரவில்லையே?

கேள்வி: வீடு மாறியதில் பழைய டிஷ்ஷைக் கழற்றி வந்து நானே மாட்டினேன். வடக்கிலிருந்து கிழக்கே 57 பாகை என்று கணக்குப் பார்த்து, போன் திசைகாட்டியை வைத்துத் திருப்பியும் டிகோடரில் 'சிக்னல் இல்லை' என்றே வருகிறது. சாயந்திரமானால் அம்மா தமிழ்ச் சேனல் எங்கே என்று கேட்கிறார். எங்கே தவறு?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: உங்கள் கணக்கு சரிதான். டிஎஸ்டிவி, ஓப்பன்வியூ என்ற டிஷ் டிவி சேவைகள் இரண்டும் வருவது கிழக்குத் தீர்க்கரேகை 68.5 பாகையில் நிற்கும் இன்டெல்சாட் 20 செயற்கைக்கோளிலிருந்து. டர்பனிலிருந்து பார்த்தால் அது நீங்கள் சொன்ன 57 பாகையில்தான் இருக்கிறது. கோளாறு திசைகாட்டியில். காந்த முள் நம் ஊரில் உண்மையான வடக்கைக் காட்டாது, ஏறக்குறைய 25 பாகை மேற்கே தள்ளி நிற்கும், அதனால் முள்ளை நம்பி 57 வைத்தால் டிஷ் பார்ப்பது 32-ஐ. முள்ளின்படி 82 வைக்க வேண்டும். சில போன்களில் உண்மை வடக்கைக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டால் 57-ஏ போதும். இரும்புக் கம்பத்தை ஒட்டி நின்று மட்டும் பார்க்காதீர்கள், முள் ஏமாற்றும்.

என்னைக் கேட்டால் நிழலை நம்பலாம். ஜூன், ஜூலையில் பகல் 12 மணிக்கு ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டால் நிழல் தெற்கே விழும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வடக்கு.

அப்புறம் உயரம். செயற்கைக்கோள் சுமார் 36 பாகை உயரத்தில் இருக்கிறது என்பதற்காக டிஷ்ஷை அவ்வளவு மல்லாத்திவிடாதீர்கள். எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையின் முனையில் சிக்னலை வாங்கும் சிறு கருவி) கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும் டிஷ் ஏறக்குறைய நிமிர்ந்துதான் நிற்கும். தாங்கியில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்து வையுங்கள்.

டிகோடரில் சிக்னலின் பலம், தரம் என்று இரண்டு கோடு வரும். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே பலம் ஏறிவிடும், வானத்தில் எதைப் பார்த்தாலும் சரி. ஆகவே தரத்தை மட்டும் பாருங்கள். டிவி முன்னால் ஒருவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே டிஷ்ஷை ஒரு நூல் தள்ளி, ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள், டிகோடர் உணர்ந்து காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்பட்டால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். தரம் ஏறத் தொடங்கும் இடத்திலும் விழும் இடத்திலும் கம்பத்தில் பென்சிலால் கோடு போட்டு, நடுவில் நிறுத்துங்கள். நட்டை முடுக்கும்போது டிஷ் லேசாக நகரும், முடுக்கி முடிக்கும்வரை டிவி முன்னால் இருப்பவர் எழுந்துவிடக் கூடாது.

அதற்கும் மசியாவிட்டால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள்: வெளிவலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்என்பிக்கு மின்சாரம் போகாது.