வேலை கேள்வி–பதில்: சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்களுக்கு, வாளையாருக்கு இருபுறமும்

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் வாளையார் உள்ள பாலக்காட்டு எல்லையோரத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எஸ்.ஆர்., கொழிஞ்சாம்பாறை: பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்து எட்டு மாதமாகிறது. 'என்விரான்மென்டல் சயின்டிஸ்ட்' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எம்.எஸ்சி. இல்லாமல் வேலை உண்டா?

உண்டு. ஆனால் அந்தப் பெயரில் இல்லை. 'இடிபி கெமிஸ்ட்' (ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு), 'எஸ்டிபி ஆபரேட்டர்' (சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பு), 'ஃபீல்டு சாம்ப்ளர்', 'லேப் அனலிஸ்ட்', 'ஈஎச்எஸ் எக்ஸிக்யூட்டிவ்' (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) என்று தேடுங்கள். பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் உணவுப்பொருள் ஆலைகளும் இருக்கின்றன. கோவையில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஷிப்டு ஷிப்டாக ஓடுகின்றன. ஆள் எடுப்பது இந்த இடங்களில்தான்.

நேர்காணலில் பசுமை இல்ல வாயு பற்றிக் கேட்க மாட்டார்கள். 'எஸ்.வி. 30 எப்படிப் பார்ப்பீர்கள்?' என்பார்கள். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கலவையை அளவுச் சிலிண்டரில் எடுத்து, ஆட்டாமல் 30 நிமிடம் வைத்து, அடியில் படிந்த சேற்றின் அளவைக் குறிக்க வேண்டும். 300 மி.லி. படிந்து, தொட்டியில் எம்எல்எஸ்எஸ் (கலவையில் உள்ள சேற்றின் எடை) லிட்டருக்கு 3,000 மி.கி. இருந்தால் சேற்றுக் குறியீடு, அதாவது ஒரு கிராம் சேறு படிந்து பிடிக்கும் மி.லி., 100. அது நல்ல சேறு. 150-ஐத் தாண்டினால் சேறு நூலிழை போலப் பரவி, படியாமல் தெளிவுத் தொட்டியைத் தாண்டி வெளியே போகும். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரியில் காற்றூட்டும் ப்ளோயரை நிறுத்துவது இதற்கு அடிக்கடி காணும் காரணம். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 முதல் 2 மி.கி. வரையாவது இருக்க வேண்டும். இந்த ஒரு பத்தியைக் கையால் செய்து பார்த்தவருக்கும் படித்து மட்டும் வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு ஒரு வாரம் செய்து பாருங்கள்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பும் மனப்பாடமாக இருக்கட்டும்: பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர் எடுக்கும் ஆக்சிஜன்) 30, சிஓடி (அதையே வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, கரையாமல் தொங்கும் திடப்பொருள் 100, எண்ணெய்ப் பிசுக்கு 10 (எல்லாம் லிட்டருக்கு மி.கி.), பிஎச் 5.5 முதல் 9 வரை.

பி.எட். சேருவதானால், உங்கள் பட்டம் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்பட்டிருக்கிறது என்ற அரசாணையை முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். அது இல்லாமல் ஃபீஸ் கட்ட வேண்டாம்.

பெயர் வேண்டாம், வேலந்தாவளம்: கோவையில் ஒரு தனியார் லேபில் டிரெய்னியாக இருக்கிறேன். நான் போடும் பிஓடி மட்டும் ஏறுக்கு மாறாக வருகிறது. ஒரே ஆலையில் உள்ளே வரும் கழிவுநீருக்குப் பல நாள் எண்ணே கிடைப்பதில்லை; வெளியே போகும் நீருக்கு 2, 3 என்று வருகிறது. 'சரியாக வருகிற மாதிரி எழுது' என்கிறார் சீனியர். என்ன செய்வது?

முதலில் எண். பிஓடி பாட்டிலை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறோம். 27 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மி.கி. சுமார்தான். உள்ளே வரும் நீரின் பிஓடி 400 என்று வையுங்கள். 300 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. மாதிரி போட்டால் அது 40 மி.கி. கேட்கும்; இருப்பது 8. மூன்றாம் நாள் பாட்டிலில் ஆக்சிஜன் பூஜ்யம். அதிலிருந்து கணக்கே வராது. அதையே 3 மி.லி. போட்டால் 4 மி.கி. குறையும், 4-ஐ 300-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 400. மூன்று நாள் முடிவில் குறைந்தது 1 மி.கி. மிஞ்சியிருக்க வேண்டும், குறைந்தது 2 மி.கி. குறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் அமையும் பாட்டில்தான் கணக்குக்கு ஆகும். அதனால் மாதிரி வந்த அன்றே சிஓடி போட்டுவிடுங்கள். வீட்டுக் கழிவுநீரில் பிஓடி ஏறக்குறைய அதில் பாதி. ஆலைக் கழிவில் இன்னும் குறையலாம். அந்த ஊகத்தை வைத்து மூன்று வெவ்வேறு நீர்த்தல்களில் பாட்டில் வையுங்கள். ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

வெளியே போகும் நீரில் 2, 3 வருவது பெரும்பாலும் குளோரின் வேலை. கடைசித் தொட்டியில் குளோரின் போட்ட நீரில் நுண்ணுயிர் செத்துக் கிடக்கும். ஆக்சிஜனை எது தின்னும்? சோடியம் சல்பைட்டால் மீதக் குளோரினை நீக்கிவிட்டு, கழிவுநீர் விதை (உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட கொஞ்சம் கழிவுநீர்) சேர்த்த பிறகே பாட்டில் வைக்க வேண்டும். விதை மட்டும் போட்ட பாட்டில் ஒன்றும் தனியாக இருக்கட்டும். அது தின்ற ஆக்சிஜனைக் கழிக்க வேண்டும். நீர்த்த தண்ணீர் மட்டும் உள்ள வெற்றுப் பாட்டிலில் 0.2 மி.கி.க்கு மேல் குறைந்தால் அன்றைய தண்ணீரோ பாட்டிலோ அழுக்கு. அந்த பேட்ச் முழுவதையும் தள்ளுங்கள்.

மீதித் தவறுகள் வண்டியில் நடக்கின்றன. கஞ்சிக்கோட்டில் மத்தியானம் எடுத்த மாதிரி வெயிலில் டிக்கியில் கிடந்து சாயங்காலம் லேபுக்கு வந்தால் பிஓடியில் ஒரு பங்கு வழியிலேயே தீர்ந்திருக்கும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில், இருட்டில், முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டும். ஒரே கேனில் எல்லாம் எடுக்கவும் கூடாது. சிஓடிக்கு எடுத்ததில் கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கலாம். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம். பிஓடி மாதிரியில் ஒரு சொட்டு அமிலமும் விழக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் பார்க்க வேண்டுமென்றால் மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடு–அசைடும் விட்டு அந்த இடத்திலேயே நிலைப்படுத்த வேண்டும். சிஓடியில் குளோரைடு இருந்தால் எண் பொய்யாக ஏறும்; மெர்க்குரிக் சல்பேட் அதைக் கட்டும், ஆனால் குளோரைடு 2,000 மி.கி.யைத் தாண்டினால் வழக்கமான முறை செல்லாது. உப்பு மிகுந்த ஆர்ஓ கழிவை நேரடியாகப் போட்டு ஏமாறுவது இங்கேதான்.

இனி சீனியர் சொன்னது. எண்ணை 'வருகிற மாதிரி' எழுதாதீர்கள். பாட்டில் எண், நீர்த்த அளவு, முதல் நாள் அளவீடு, மூன்றாம் நாள் அளவீடு எல்லாம் பேனாவால் பதிவேட்டில் இருக்கட்டும். தவறு வந்தால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தி, சுருக்கொப்பம் போடுங்கள். பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் தணிக்கையாளர், கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையை வைத்து முதலில் கேட்பது அந்த மூலப் பதிவேட்டைத்தான், அச்சடித்த ரிப்போர்ட்டை இல்லை. மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர். அந்த லேபில் இது வழக்கம் என்றால் ஆறு மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கே.வி., சித்தூர்: எம்.எஸ்சி. முடித்தேன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கூப்பிடுகிறார்கள். 'நபெட் எக்ஸ்பர்ட்' ஆகலாம் என்கிறார்கள். நம்பலாமா?

ஆகலாம், ஆனால் சேர்ந்த அன்றைக்கே இல்லை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி அனுமதி தேவைப்படும் திட்டங்களுக்கான அறிக்கையை, இத்தகைய நிறுவனங்களை மதிப்பிடும் நபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் தயாரிக்க முடியும். அங்கே ஒவ்வொரு துறைக்கும் தனி வல்லுநர்: காற்று மாசு, நீர் மாசு, சூழலியல், நிலத்தடி நீர், சமூகப் பொருளாதாரம், இரைச்சல், நிலப் பயன்பாடு என்று. நீங்கள் ஒருவரின் கீழ் துணையாளராகத் தொடங்கி, படிப்பும் களப்பணி ஆண்டுகளும் சேர்ந்த பிறகு, உங்கள் பெயரில் விண்ணப்பித்து மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் எந்தத் துறைக்கு, எந்தத் தேதி வரை? நான் களத்தில் இருந்த நாட்களுக்கு ஆவணம் தருவீர்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் உங்கள் அனுபவம் காற்றில் போகும். வல்லுநர் என்று உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் பார்க்காத இடத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எல்லையில் இருப்பவருக்கு இங்கே ஒரு கூடுதல் பிடிமானம் உண்டு. அந்த அறிவிக்கையின் பொது நிபந்தனை பொருந்தும் திட்ட வகைகளில், மாநில எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் வரும், வழக்கமாக மாநில அளவில் பரிசீலிக்கப்படும் 'பி' பிரிவுத் திட்டம் 'ஏ' பிரிவாகக் கருதப்பட்டு மத்திய அளவில் பரிசீலிக்கப்படும். இரு மாநிலமும் ஒப்புக்கொண்டால் அந்தத் தூரத்தைக் குறைக்கலாம். இந்த அறிவிக்கை அடிக்கடி திருத்தப்படுவதால் அன்றைய நிலவரத்தைப் பார்த்தே பேசுங்கள். வாளையார், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் எந்தத் திட்டத்துக்கும் முதல் வேலையே தூரத்தை அளப்பதுதான். ஆய்வுப் பரப்பு வழக்கமாக 10 கி.மீ. ஆரமுள்ள வட்டம், இங்கே அந்த வட்டத்தில் பாதி மறு மாநிலத்தில் விழும். கிராமத் தகவலை இரண்டு தாலுகாவில் வாங்க வேண்டும், சுருக்க அறிக்கை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். மலையாளத்தில் மட்டும் அச்சிட்டுக் கொண்டுவந்தால் எருத்தேம்பதிப் பக்கத்துப் பாட்டி எதைப் படிப்பார்? தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு சமூகப் பொருளாதாரப் பிரிவில் வேலைக்குத் தட்டுப்பாடு இருக்காது.

நிலத்தடி நீரில் நாட்டமிருந்தால் உங்கள் தாலுகாவிலேயே பாடம் இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை குளிர்பான ஆலை 2000-இல் தொடங்கி 2004-இல் நின்றது. 2010-இல் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. கிணற்று நீர், மண், விவசாயம், உடல்நலம் என்று தனித்தனியாகக் கணக்கிட்ட அந்த அறிக்கையை முழுவதும் படியுங்கள். இழப்பை எப்படிப் பணமாக்குகிறார்கள் என்பதைக் கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள்.

எம்., நெம்மாறை: அரசு வேலைக்கு எந்தப் பரீட்சை எழுதலாம்? வனப்பணி என் கனவு.

கனவுக்கு முன் தகுதிப் பட்டியல். இந்திய வனப்பணிக்கு யுபிஎஸ்சி கேட்கும் பட்டப்படிப்புப் பாடங்களில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், நிலவியல், கணிதம், புள்ளியியல், கால்நடை அறிவியல் இருக்கின்றன. வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமும் ஏற்கும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மார்க் ஷீட்டில் வேதியியலோ தாவரவியலோ தனிப் பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ பேர் கோச்சிங் கட்டணம் கட்டிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். நடைத் தேர்வும் உண்டு: நாலு மணி நேரத்தில் ஆண்களுக்கு 25 கி.மீ., பெண்களுக்கு 14 கி.மீ.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் உதவிப் பொறியாளர் பணி பொறியியல் பட்டதாரிகளுக்கானது. அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். அறிவியல் படித்தவருக்கான பணிகளுக்குப் பொதுவாக எம்.எஸ்சி. கேட்பார்கள். தமிழ்நாட்டுத் தேர்வுகளை நீங்கள் எழுதலாம். ஆனால் கேரளவாசி என்பதால் இட ஒதுக்கீடு கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் போட்டி. கட்டாயத் தமிழ்த் தாளில் 40 சதவீதம் வாங்க வேண்டும். ஆராய்ச்சிப் பக்கம் போவதானால் யுஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல்–பொறியியல் தாள் இருக்கிறது. பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், கோழிக்கோட்டுக் குந்தமங்கலத்தில் நீர்வள மையம், கோவை ஆனைக்கட்டியில் சலீம் அலி மையம் ஆகியவை திட்டப்பணிக்கு ஆள் எடுக்கும்போது அவரவர் இணையதளத்தில்தான் அறிவிப்பார்கள். மாதத்துக்கு இரண்டு முறை நீங்களே போய்ப் பாருங்கள்.

ஜி., பொள்ளாச்சி: கூடவே இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோ படித்தால் பாதுகாப்பு அதிகாரி ஆகலாமா?

பாதுகாப்பு அதிகாரி விதிகள் பெரும்பாலும் பொறியியல், இயற்பியல், வேதியியல் பட்டத்தையே சொல்கின்றன. உங்கள் பட்டம் ஏற்கும் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஒரு தாய், புதுச்சேரி: பெண்ணை ஆலைப் புகைபோக்கியில் ஏறி அளக்கச் சொல்கிறார்களாம். விடலாமா?

(வாசகி குறிப்பிடுவது கஞ்சிக்கோடு அருகேயுள்ள புதுச்சேரிப் பஞ்சாயத்து.)

பயம் நியாயம்தான், அம்மா. மணிக்கு 20 கிலோ கந்தக டை ஆக்சைடு விடும் ஆலைக்கு, விதிச் சூத்திரப்படி சுமார் 34 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும். அளவெடுக்கும் துளை அதன் உச்சியில் இருக்காது. குழாயின் கடைசி வளைவிலிருந்து விட்டத்தைப் போல எட்டு மடங்கு மேலே, உச்சியிலிருந்து இரண்டு மடங்கு கீழே அமைப்பார்கள். ஒரு மீட்டர் விட்டமென்றால் வளைவுக்கு 8 மீட்டர் மேலே. அங்கே கைப்பிடியோடு மேடை இருக்க வேண்டும், ஏணிக்குச் சுற்றுக்கூண்டு இருக்க வேண்டும். பெண்ணிடம் கேட்கச் சொல்லுங்கள்: முழு உடல் பெல்ட்டும் இரட்டைக் கயிறும் யார் தருகிறார்கள், உயரத்தில் வேலை செய்வதற்கான பெர்மிட்டில் ஆலையிலிருந்து கையெழுத்துப் போடுவது யார், கீழே நிற்கும் இரண்டாவது ஆள் யார்? மூன்றுக்கும் பெயர் சொல்லி பதில் வந்தால் அனுப்புங்கள். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் ஏற மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அந்தக் காற்றில் மேடையில் நின்றுகொண்டு, கருவி புகையை உறிஞ்சும் வேகத்தைப் புகையின் வேகத்தோடு சமமாக வைப்பதும் லேசில்லை. உறிஞ்சுவது மெதுவானால் தூசி அளவு கூடிக் காட்டும், வேகமானால் குறைத்துக் காட்டும். அன்றைய ரிப்போர்ட் எப்படியும் தேறாது. இன்னொரு நாள் போய் எடுக்கட்டும்.