4 நிமிடமா, 11 நிமிடமா?

கேள்வி: வேலந்தாவளம் வழியாக தினமும் கோவைக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் ஹெட்போனில் டெலீரியத்தின் ‘சைலன்ஸ்’ பாட்டுதான் ஓடும். அதில் 4 நிமிட எடிட், 11 நிமிட ரீமிக்ஸ், மெதுவான ஒன்று என்று பல இருக்கின்றன. நீளமானதில் பாதி வெறும் ‘டம் டம்’ என்கிறான் தம்பி. எதைக் கேட்பது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்த மெதுவானதைக் கேளுங்கள். மூலப் பாட்டு அதுதான். கனடா இசைக்குழுவான டெலீரியம் 1997-இல் வெளியிட்ட ‘கர்மா’ ஆல்பத்தில் வந்தது. பாடியவர் சாரா மெக்லாக்லன். கிளப்புகளில் ஆட வைக்கும் எலக்ட்ரானிக் இசையான டிரான்ஸின் வாடையே அதில் கிடையாது. மடாலயத் துறவிகளின் லத்தீன் பாட்டு பின்னால் ஒலிக்க, அவசரமே இல்லாமல் வருகிறது அந்தக் குரல். டியஸ்டோ, ஏர்ஸ்கேப் போன்ற டிஜேக்கள் பிறகு ரீமிக்ஸ் செய்துதான் அதை டிரான்ஸ் ஆக்கினார்கள். 2000-இல் பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியதும் அந்த ரீமிக்ஸ்களின் தயவில்தான்.

தம்பி சொல்லும் ‘டம் டம்’ கிளப்பில் டிஜே ஒரு பாட்டோடு அடுத்ததைக் கோப்பதற்காக வைப்பது. ஆனால் வீட்டில் கேட்பவருக்கும் அதில் விஷயம் இருக்கிறது. டிரான்ஸ் நிமிடத்துக்குச் சுமார் 130 முதல் 140 தட்டு வேகத்தில் ஓடும். 32 தட்டு எண்ணிப் பாருங்கள், கால் நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலும் அந்த முனையில்தான் ஏதாவது ஒன்று புதிதாக வந்து சேரும்: ஒரு சிலீர் தாளம், ஒரு பேஸ் (கனத்த அடித்தொனி), தூரத்தில் ஒரு சின்தசைசர். இப்படி நிமிடக்கணக்கில் உடம்பு அந்தத் தட்டுக்குப் பழகிய பிறகு டிரம் சட்டென்று விலகும். குரலுக்கு இடம் கிடைக்கும். இதற்கு பிரேக்டவுன் என்று பெயர். குரலோடு வரும் ‘வோகல்’ டிரான்ஸின் உயிரே இங்கேதான். இவ்வளவு நேரம் காத்திருந்ததால்தான் டிரம் திரும்பும்போது சிலிர்க்கிறது.

உங்கள் பக்கத்துக் கோயில்களில் பஞ்சாரி என்ற செண்டை மேளம் கேட்டிருப்பீர்களே! ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று நிதானமாகத் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறுகி 6-க்கு வரும்போது கூட்டமே கை வீசும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வந்து நின்றால் காதில் விழுவது வெறும் சத்தம்.

அதற்காக 4 நிமிட எடிட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். ரேடியோவுக்காக வெட்டியது அது. குரல் சீக்கிரம் வந்துவிடும், மெட்டு மனதில் பதியும். பஸ்ஸுக்கு அதுவே சரி. என்ஜின் இரைச்சலில் பேஸ் எப்படியும் அமுங்கிவிடும். டப் மிக்ஸ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் குரலைக் குறைத்திருப்பார்கள், உங்களுக்கு ஏமாற்றம்தான். அதை விட்டுவிடுங்கள்.

டியஸ்டோவின் 11 நிமிடத்தை ராத்திரி வீட்டில், ஓட்டி விடாமல் கேளுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரேக்டவுன் வரும்வரை அவர் போனைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். அப்புறம் ஏர்ஸ்கேப்புக்குப் போகலாம்.