அம்மப்பா ஆமியில இருந்தவர் எண்டு போடலாமா?

வணக்கம் ஐயா. எங்கட அம்மப்பா போன கிழமை தவறிட்டார், 87 வயசு. மட்டக்களப்பு கல்லடியில ஓடாவி (தச்சு) வேலை செய்தவர், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 31ஆம் நாள் நினைவுக்கு மலர் அடிக்கிறம். கலியாணத்துக்கு முதல் அவர் சிலோன் ஆமியில இருந்தவர், ஆனா அதப் போட வேணாம், ஆக்கள் பிழையா நினைப்பாங்க எண்டு மாமா சொல்றார். எனக்கு மனசு கேக்குதில்ல. என்ன செய்யட்டும்?
– ஒரு பேத்தி

மகள்,

தெரியுமாவோ எண்டு கேட்டிருக்கிங்க, எங்கட வீட்டு வாசல் நிலை அவர்ர கை வேலை. முதிரை மரம், ஒரு இரும்பாணி இல்ல, நாக்கு வெட்டி துளைக்குள்ள இறக்கி மர ஆணி அடிச்சது. 1978 நவம்பர் 23 ராத்திரி சூறாவளி கூரையத் தூக்கிற்றுப் போகக்குள்ள நாங்க அஞ்சு பேரும் அந்த நிலைக்குக் கீழதான் ஒட்டிக்கொண்டு நிண்டம்.

விடிஞ்சு பாத்தா ஒழுங்கை முழுக்க தென்னை விழுந்து கிடக்கு. உங்கட அம்மப்பா வந்து பொடியன்மார லைனா நிப்பாட்டி, கயித்தக் குடுத்து, ஒரு சத்தம் போட்டார் பாருங்க, எல்லாரும் ஒண்டா இழுத்தாங்க, மரம் அசைஞ்சுது. நான் சின்னப் பொடியன், வாயத் துறந்து பாத்துக்கொண்டு நிண்டன். அம்மா சொன்னா, "அவர் ஆமியில இருந்தவர் மனே" எண்டு. பெருமையாத்தான் சொன்னா.

83 கலவரம், யுத்தத்துக்குப் பிறகுதான் ஆமி எண்ட சொல் எங்கட ஊர்ல வேற ஒண்டாப் போச்சு. மாமாட பயம் எனக்கு நல்லா விளங்குது, அந்தக் காலத்தில யூனிபோம் படத்தச் சுவர்ல இருந்து கழட்டி ஒளிச்சு வச்ச வீடுகள் இருக்கு. ஆனா உங்கட அம்மப்பா போனது வேற காலத்து ஆமி. 1955ல அதுக்கு முதலாவது இலங்கைத் தளபதியா வந்ததே அன்ரன் முத்துக்குமாரு எண்ட தமிழர். 19 வயசுப் பொடியன் ஒருத்தன் தியத்தலாவைக் குளிருக்க போய் டிரெயினிங் எடுத்து, காசு சேத்து, மறுகா ஊருக்கு வந்து உளி பிடிச்சதில மறைக்க என்ன கிடக்கு?

எங்கட பக்கத்து வழக்கப்படி பொம்புளப் புள்ளைகளுக்கு வீடு குடுக்கணும், அவருக்கு மூணு பேர். பகல் முழுக்க கூலிக்கு வேலை செஞ்சிட்டு, ராவையில அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில தன்ர மகள்ட கதவுக்குச் சீவுளி போடுவார், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் நாங்க நித்திரையாவம். வேலை முடிஞ்சா உளியெல்லாம் பெரிசில இருந்து சின்னன் வரைக்கும் சாக்கில வரிசையா அடுக்கி, பழைய பூட்ஸ் பிரஷ்ஷால மரத்தூள் தட்டுவார். அந்தப் பிரஷ் எங்க இருந்து வந்தது எண்டு நினைக்கிங்க?

அதால போடுங்க மகள். யூனிபோம் படமும் உளியோட நிக்கிற படமும் ஒரே பக்கத்தில வரட்டும். மாமாக்கு இந்தப் பதில வாசிச்சுக் காட்டுங்க, நானும் 31க்கு வந்து கதைக்கிறன். மத்தது, அந்த உளிகளுக்கு இப்பவே தேங்காயெண்ணெய் பூசி வைங்க, கல்லடிக் கடல் காத்துக்கு ஒரு மாசத்தில துருப் பிடிச்சிரும்.