கடுவன் எப்படித் தலைவனாகிறது?

கேள்வி: வெள்ளி அருவியில் பஸ் நின்றபோது ஒரு பெரிய கடுவன் (ஆண் குரங்கு) வந்ததும் மற்ற குரங்குகள் ஒதுங்கின. உடல் பலம்தான் காரணமா? – வாசகர், பெருமாள்மலை

பதில்: பலம் வேண்டும்தான், அது மட்டும் போதாது. கொடைக்கானல் மலைப்பாதையில் இருப்பவை நாட்டுக் குரங்குகள். ஒரே கூட்டத்தில் பல கடுவன்கள் இருக்கும். தினமும் கடித்துக்கொண்டால் காயத்திலேயே பாதி போய்விடும். அதனால் பெரும்பாலும் சைகையிலேயே காரியம் முடிகிறது.

வனக்காவலராக இருந்தபோது அருவியோரச் சுவரில் இதை அடிக்கடி பார்ப்பேன். பெரியது புருவத்தை ஏற்றி, வாயைத் திறந்து முறைக்கும். சின்னது உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டும். பார்க்கிறவர்கள் ‘சிரிக்குது’ என்பார்கள். சிரிப்பில்லை, பயம், நான் அடங்கிவிட்டேன் என்கிற பணிவு. அப்புறம் பின்புறத்தைத் திருப்பிக் காட்டும், பெரியது மேலேறி இறங்கும். சரி, தகராறு தீர்ந்தது.

மேலே வரவும் நிலைக்கவும் கூட்டாளிகள் வேண்டும். இந்தக் கடுவன்கள் கட்டிப்பிடிக்கும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும், சண்டையில் துணைக்கு ஓடிவரும். இவற்றிடம் எனக்கு மிகப் பிடித்தது இந்தச் சிநேகம்தான். வயதாகி, கோரைப்பல் தேய்ந்தால் இடம் கைமாறும்.

மலைச் சோலைக்காட்டுக்குள் வாழும் கருமந்தி என்ற கறுப்புக் குரங்கு வேறு மாதிரி. பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒரே கடுவன். விடியற்காலையில் அது ‘ஹூ ஹூ’ என்று முழங்குவது பக்கத்துக் கூட்டங்களுக்கு விடும் எச்சரிக்கை.

தயவுசெய்து பஸ்ஸிலிருந்து தீனி வீசாதீர்கள். ஒரே இடத்தில் பொட்டலம் விழுந்தால் சைகைக்கு நேரமில்லாமல் கடியில் முடிகிறது.