பழைய ஐஸ் பிளான்டில் சறுக்குத் தளம்: கம்ப்ரசரைவிடக் காற்றுதான் சிக்கல்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் மூடிக் கிடக்கும் ஐஸ் பிளான்ட் கொட்டகையில் 20-க்கு 10 மீட்டர் பனிச்சறுக்குத் தளம் (ஐஸ் ஸ்கேட்டிங் தளம்) போட முடியுமா, அதை நடத்தும் அளவுக்கு ஊரில் ஆள் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறைய வைப்பது பெரிய வேலை இல்லை. 4 செ.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 7,300 லிட்டர் நல்ல தண்ணீர் போதும். மொத்தமாகக் கொட்டாமல் 2, 3 மி.மீ. அடுக்காகத் தெளித்து உறைய விடுங்கள்; இல்லையென்றால் விரிசல் விழும். நாளுக்கு 10 டன் ஐஸ் கட்டி போட்ட பழைய கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்தால், காற்றுப் புகாமல் அடைத்த கூடத்துக்குச் சமாளிக்கும். ஆனால் அந்தக் கம்ப்ரசரில் ஓடும் குளிரூட்டி வாயுவான அமோனியாவைத் தரைக் குழாயில் விடவே கூடாது; கசிந்தால் நச்சு, ஆள் நிற்கிற இடம் அது. கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) கரைசலைக் குளிரவைத்து அதைக் குழாயில் ஓட்டுங்கள். குழாய்க்கு அடியில் 10 செ.மீ. தெர்மோகோல், அதற்கும் கீழே ஈரம் ஏறாத ஷீட்.

நம் கடலோரக் காற்றில் 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே போன எதிலும் நீர் கோக்கும். பனியின் குளிர்ச்சியில் தகரக் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக உறைந்து சறுக்குக் காலணியின் பிளேடு தட்டும். அதனால் ஈரமுறிஞ்சும் இயந்திரமும் கூரைக்கு உள்தட்டியும் கட்டாயம்.

பனி உருகாமல் இருக்க இயந்திரம் ராத்திரியும் ஓட வேண்டும், செலவும் ஓடும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஊர்ப்பிள்ளைகளை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கன்னியாகுமரிக்கு ஐயப்ப சீசனில் வரும் கூட்டம் முட்டம் வரை வருமா என்று பாருங்கள். முதல் வருஷம் பனியே இல்லாமல் சறுக்கும் பிளாஸ்டிக் பலகைத் தளம் போட்டுப் பார்ப்பதே என் யோசனை.