வாசலில் வாடும் செம்மேப்பிள்

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் வாசலில் 'பிளட்குட்' ரக ஜப்பானிய மேப்பிள் வைத்தோம். மேற்குப் பார்த்த வீடு. வசந்தத்தில் கருஞ்சிவப்பாகத் துளிர்க்கிறது. ஜூலையில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டுவிடுகிறது. தினமும் தண்ணீர் விட்டும் உரம் போட்டும் பயனில்லை. இப்போது அடியிலிருந்து பச்சை இலையோடு ஒரு கிளை வேறு கிளம்பியிருக்கிறது. மரம் பட்டுப்போகுமா? இதன் விதையைத் திருச்சியில் இருக்கும் அம்மா கேட்கிறார், அனுப்பலாமா?
- ஒரு வாசகி, மார்க்கம், கனடா

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா. வருடாவருடம் நன்றாகத் துளிர்க்கிற மரம் அவ்வளவு சுலபத்தில் பட்டுப்போகாது. சந்தேகமாக இருக்கும் கிளையில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். ஜப்பானின் மலைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற இனம் இது. வேர்கள் மேலாகவே பரவும், அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண்ணில் தினமும் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகினாலும் இலை ஓரம் கருகும், காய்ந்தாலும் கருகும். அதனால் இலையைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து விடுங்கள். விரலை 5 செ.மீ. ஆழம் விட்டு, ஈரமில்லை என்றால் மட்டும் குழாயை மெல்லத் திறந்து, கிளை விரிந்த அளவுக்கு மண் ஊற விடுங்கள். கோடையில் உரமே வேண்டாம். தேவைப்பட்டால் வசந்தத் தொடக்கத்தில் கொஞ்சம் போதும்.

அடிமரத்தையும் பாருங்கள். தண்டு விரிந்து வேராகிற இடம் வெளியே தெரிய வேண்டும். புதைந்திருந்தால் மண்ணைக் கையால் விலக்குங்கள். சுற்றிலும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மரச்சீவல் அல்லது பட்டைத் துண்டு மூடாக்கு போடுங்கள். அது தண்டைத் தொடக் கூடாது.

மேற்கு வெயில்தான் பெரிய தொல்லை என்று எனக்குப் படுகிறது. இருட்டான நிழலுக்கும் போக முடியாது, வெளிச்சம் குறைந்தால் சிவப்பு மங்கிப் பச்சை கலந்துவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கிற கிழக்குப் பக்கம் இதற்குப் பொருத்தம். மரம் இன்னும் இளசு. பனி உருகி, மொட்டு விரியும் முன்பு, வேர்மண் உதிராமல் பெயர்த்து நடலாம். வாசலிலேயே இருக்கட்டும் என்றால், குளிர்காலத்தில் டிரைவ்வேயில் தூவும் உப்பு அதன் வேருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் உறையும் முன்பு ஒருமுறை நன்றாக நனைத்து, காற்று அடிக்கும் பக்கம் சாக்குத் திரை கட்டுங்கள்.

பச்சைக் கிளைக்குப் பயப்பட வேண்டாம். ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை ஒடித்துவிடுவோமே, அதேதான். பச்சை இலை மேப்பிளின் வேரில் சிவப்பை ஒட்டியிருக்கிறார்கள். கீழே வருவதை விட்டால் அது வேகமாக வளர்ந்து சிவப்பை அமுக்கிவிடும். இன்றே அடியோடு வெட்டிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முழுக் கிளை ஒன்று திடீரென வாடி, வெட்டிப் பார்த்தால் மரத்துக்குள் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால், அது வெர்டிசிலியம் என்ற மண் பூஞ்சை. அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கிளையை நீக்கி, கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு விதை அனுப்பாதீர்கள். இந்த மரம் மாதக்கணக்கில் குளிரில் உறங்கினால்தான் அடுத்த துளிர் விடும், திருச்சியில் அதற்கு வழியில்லை. விதையில் முளைப்பது சிவப்பாக வரும் என்ற உறுதியும் இல்லை. அனுமதிச் சான்றில்லாமல் விதையை வேறு நாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அம்மாவுக்குச் சிவப்பு இலைதான் ஆசை என்றால், உள்ளூர் நர்சரியில் நல்ல சிவப்பு அக்காலிஃபாவோ குரோட்டன்ஸோ வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த வெயிலில் செழித்து வரும்.